காதுக்கு நல்ல அரங்கு காலுக்கும் நல்லதா?

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு மண்டபம் பார்க்கச் செல்லும் குழுவில் நீங்கள் எப்போதாவது இருந்ததுண்டா? இருந்திருந்தால் அங்கே கேட்கப்படும் கேள்விகள் உங்களுக்குத் தெரியும். வாடகை எவ்வளவு? எத்தனை நாற்காலி போடலாம்? மைக் செட் உங்களுடையதா, நாங்கள் கொண்டுவர வேண்டுமா? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா? வண்டிகள் நிறுத்த இடம் இருக்கிறதா? கடைசியாக, பாட்டுக் கச்சேரி நடந்தால் பின்வரிசைக்குக் கேட்குமா? அத்துடன் முன்பணம் கைமாறிவிடும். அன்று மாலை அந்த மேடையில் நாற்பது பிள்ளைகள் ஆடப் போகிறார்களே, அவர்களுடைய கால்கள் எதன்மீது விழப்போகின்றன என்று யாரும் கேட்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு விழாவுக்கு விருந்தினராகப் போயிருந்தேன். ஒலிநாடா, குறுந்தகடு எதுவும் இல்லை. நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், பாட்டு எல்லாம் மேடையின் ஓரத்தில் உட்கார்ந்து நேரில் வாசித்தார்கள். கேட்க அருமையாகவே இருந்தது. ஆனால் மூன்று வரிசையாக நின்று ஆடிய சிறுமிகளில் பின்வரிசையினர் தாளத்துக்குச் சற்றுப் பிந்தியே கால் வைத்தனர். சிமெண்டுத் தரைமேல் விரித்திருந்த கம்பளத்தின் ஓரம் சுருண்டு ஒரு பெண் தடுமாறினாள். இரண்டாவது உருப்படி முடிவதற்குள் பலர் குதிகாலை மெல்லப் பட்டும் படாமலும் வைக்கத் தொடங்கிவிட்டார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வந்தவர்கள் சொன்னது இது: ‘இசை பிரமாதம். பிள்ளைகளுக்குத்தான் பயிற்சி போதவில்லை.’

அந்தப் பேச்சு எனக்கு இன்றும் உறுத்துகிறது. பயிற்சி போதவில்லை என்பது உண்மையா, அல்லது மண்டபத்தின் குற்றம் பிள்ளைகளின் தலையில் விழுந்ததா? இதைச் சொல்ல நாட்டியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு இயற்பியல் போதும். நேரில் இசை நடக்கும் ஓர் இடம் கேட்பதற்கு நல்லதாக இருப்பதும், ஆடுவதற்கு நல்லதாக இருப்பதும் இரண்டு வெவ்வேறு குணங்கள் என்பது என் கருத்து. ஒன்றை வைத்து மற்றொன்றை முடிவு செய்யக்கூடாது.

முதலில் தரை

20 சென்டிமீட்டர் உயரம் குதித்து இறங்கும் ஒரு சிறுமியை எடுத்துக்கொள்வோம். அவள் எடை 40 கிலோ. இறங்கும்போது முழங்காலை மடக்கி, உடல் 10 சென்டிமீட்டர் தாழ்ந்து நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் விழுந்த மொத்த உயரம் 20-உடன் 10 சேர்த்து 30 சென்டிமீட்டர். அந்த ஆற்றல் முழுவதையும் கடைசி 10 சென்டிமீட்டருக்குள் கால்கள் செரித்தாக வேண்டும். ஆகவே கால்கள் தாங்கும் சராசரி விசை அவள் எடையைப்போல் மூன்று மடங்கு, அதாவது 120 கிலோ எடைக்குச் சமம்.

ஆனால் எல்லா ஆட்டத்திலும் முழங்காலைத் தாராளமாக மடக்கித் தாழ இடமில்லை. பரதநாட்டியத்தில் அரைமண்டியில் ஏற்கெனவே முழங்கால் மடங்கித்தான் இருக்கிறது. குதித்து மெட்டும் அடவுகளில் நிலை குலையாமல் இறங்க வேண்டும். உடல் 2 சென்டிமீட்டர்தான் தாழ்கிறது என்றால், 22-ஐ 2-ஆல் வகுத்துப் பாருங்கள். எடையைப்போல் பதினொரு மடங்கு! 440 கிலோ எடைக்குச் சமமான விசை. இதுவும் சராசரிதான், உச்சம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இப்போது தரையைக் கணக்கில் சேர்ப்போம். சிமெண்டுத் தரையோ, மொசைக்கோ, கிரானைட்டோ கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைவதில்லை. மரப்பலகை மேடை வளையும். அது ஒரு சென்டிமீட்டர் வளைந்து கொடுத்தால், நிற்கும் தூரம் 2-லிருந்து 3 சென்டிமீட்டர் ஆகிறது. 23-ஐ 3-ஆல் வகுத்தால் எட்டு மடங்குக்கும் குறைவு. ஒரே ஒரு சென்டிமீட்டர்! அது 440 கிலோவை ஏறத்தாழ 307 கிலோவாகக் குறைத்துவிடுகிறது. ஒரு மாலையில் அந்தச் சிறுமி நூற்றுக்கணக்கான முறை கால் தட்டுவாள் என்பதையும், ஒத்திகை நாட்களையும் சேர்த்துப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது என்று அவள் வீட்டில் சொன்னால் அது சோம்பல் அன்று.

சிமெண்டின்மேல் கம்பளம் விரித்தால் போதாதா என்று கேட்கலாம். மெல்லிய கம்பளம் ஒரு காலடியில் நசுங்கி முடிந்துவிடும். அது தரும் தூரம் இரண்டு மூன்று மில்லிமீட்டர். அதற்குப் பதிலாக அது வழுக்கும், மடியும், விரலைத் தடுக்கும். என்னைக் கேட்டால், வெறும் சிமெண்டைவிடச் சரியாகப் பொருத்தப்படாத கம்பளம் மோசமானது.

இந்த உண்மையை நடனக் கூடம் கட்டியவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். நியூயார்க் நகரில் ஹார்லெம் என்ற பகுதி கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த இடம். அங்கே லெனாக்ஸ் அவென்யூவில் 1926-ஆம் ஆண்டு மார்ச் மாதம் சவாய் பால்ரூம் என்ற கூடம் திறக்கப்பட்டது. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே தரையில் சேர்ந்து ஆடலாம் என்பது அந்நாளைய அமெரிக்காவில் அரிய செய்தி. அங்கே இரண்டு இசை மேடைகள் இருந்தன. ஒரு குழு ஓயும்போது மற்றொரு குழு தொடங்கிவிடும். இசை நிற்பதே இல்லை. லிண்டி ஹாப் என்ற துள்ளல் நடனம் புகழ்பெற்றது இங்கேதான். கீழே வளைந்து கொடுக்கும்படி அமைத்த மரத்தரை அது. ஆயிரக்கணக்கான கால்கள் தேய்த்ததால் ஏறத்தாழ மூன்றாண்டுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டியிருந்தது என்கிறார்கள். 1958-ல் மூடப்பட்டு, பிறகு இடிக்கப்பட்டது. தரைக்காகச் செலவு செய்த ஒரு கூடம் என்பதால்தான் அதை இங்கே சொல்கிறேன்.

அப்படிப்பட்ட தரை அமைக்கப் பெரிய தொழில்நுட்பம் வேண்டியதில்லை. ரீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று அடுக்காக அடுக்கி, அடியில் ரப்பர்த் துண்டுகள் வைத்து, மேலே பிளைவுட் பலகைகளை இடுக்கு விழாமல் முடுக்கினால் போதும். ஊரிலுள்ள தச்சரே செய்வார். ஆனால் ஓர் எச்சரிக்கை. மிதமிஞ்சி வளையும் தரையும் கெடுதல். மெத்தைமேல் நின்று ஆடிப் பாருங்கள். கணுக்கால் புரளும், தட்டிய ஓசையே எழாது. சலங்கை கட்டிய காலுக்குத் தரையும் ஒரு வாத்தியம்தான்.

‘கோயில் கருங்கல் மண்டபத்தில் நம் முன்னோர் ஆடவில்லையா?’ என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆடினார்கள். கல்லிலும் ஆட முடிந்தது அவர்களுடைய நீண்ட பயிற்சியின் பெருமை. கல்லின் பெருமையாக அதை மாற்றிவிட வேண்டாம். அதே ஊரில் கரகமும் தப்பாட்டமும் எங்கே நடந்தன? மண் தரையில். நீர் தெளித்து அடித்த மண் காலடியில் சிறிது அமுங்கும். ஆண்டில் ஒருநாள் மேடையேறும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கல் மண்டபத்தை உதாரணம் காட்டுவது நியாயமில்லை.

வழுக்கலையும் சோதிக்க வேண்டும். இதற்கு ஆய்வகத்துச் சுருள்வில் தராசு போதும். 3 கிலோ எடையுள்ள ஒரு செங்கல்லின் அடியில் தோல் துண்டைக் கட்டி, மேடைமீது வைத்துத் தராசால் மெல்ல இழுங்கள். நகரத் தொடங்கும்போது தராசு 1.5 கிலோ காட்டினால் உராய்வுக் கெழு 0.5. மேடையின் நடுவில், ஓரத்தில், படிக்கட்டருகில் என்று பல இடங்களில் செய்து பாருங்கள். தோலைச் சற்று நனைத்தும் பாருங்கள். ஆடுபவரின் பாதம் வியர்க்குமல்லவா? நான் பெரிதாக நினைப்பது அந்த எண்ணை அன்று. எல்லா இடத்திலும் ஏறத்தாழ ஒரே எண் வருகிறதா என்பதையே. ஒரே மாதிரி வழுக்கும் தரைக்குக் கால் பழகிக்கொள்ளும். இங்கே ஒட்டி அங்கே வழுக்கும் தரைக்குப் பழக முடியாது.

தாளம் எங்கிருந்து வருகிறது?

அந்தப் பின்வரிசைச் சிறுமிகள் ஏன் பிந்தினார்கள்? இதைக் கண்டுபிடிக்கும் முன் ஒரு சிறு கதை.

1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு சொற்பொழிவுக் கூடத்தில் ஒருவர் பேசினால் யாருக்கும் புரியவில்லை. சொன்ன சொல் சுமார் ஐந்தரை விநாடி நேரம் கூடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். ஊர் அடங்கிய இரவு நேரங்களில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கச் செய்து, ஒலி மறைய எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்! அந்தப் பாடுபட்டுக் கிடைத்ததுதான் எதிர்முழக்க நேரத்தின் சூத்திரம். கூடத்தின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் (சதுர மீட்டரில்) வகுக்க வேண்டும். 1900-ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி அரங்கு இந்தக் கணக்கைக் கொண்டு அமைக்கப்பட்டது.

நம் மண்டபத்துக்கு வருவோம். 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் என்று கொள்வோம். கன அளவு 1,200. சுவர், கூரை, தரை எல்லாம் சேர்ந்து 800 சதுர மீட்டர். பூச்சுச் சுவர் தன்மேல் விழும் ஒலியில் நூற்றில் ஐந்து பங்கை உறிஞ்சுவதாகக் கொண்டால் உறிஞ்சும் பரப்பு 40. காலியான மண்டபத்தில் எதிர்முழக்கம் ஏறத்தாழ 4.8 விநாடி! ஒருவர் தம் உடலாலும் உடையாலும் சுமார் 0.45 சதுர மீட்டர் அளவுக்கு உறிஞ்சுகிறார். 200 பேர் உட்கார்ந்தால் 90 சேரும். 130-ஆல் வகுக்க, எதிர்முழக்கம் 1.5 விநாடிக்கு இறங்கிவிடும். கச்சேரிக்கு மிகவும் இதமானது.

இனி அதே மண்டபத்தில் நாற்காலிகளை அப்புறப்படுத்திவிட்டு எல்லோரும் ஆடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆட இடம் வேண்டும். எனவே 60 பேர்தான் உள்ளே. உறிஞ்சும் பரப்பு 67. எதிர்முழக்கம் 2.9 விநாடியாக ஏறிவிட்டது. சுவர் அதே சுவர், இசைக்குழு அதே குழு. கேட்க வந்த கூட்டமே மண்டபத்தைக் கேட்கத்தக்கதாக்கியிருந்தது. ஆட வந்த கூட்டம் அதைக் கெடுத்துவிட்டது.

எதிர்முழக்க நேரம் என்பது ஒலி 60 டெசிபல் குறைய ஆகும் நேரம். மூன்று விநாடியில் 60 என்றால், விநாடிக்கு 20. நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையே அரை விநாடி. அதற்குள் முந்தைய தட்டு 10 டெசிபல்தான் குறைந்திருக்கும். அதாவது நம் காதுக்கு அது பாதி உரப்புடன் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு முந்தைய தட்டும் முழுதாகப் போயிருக்காது. உட்கார்ந்து கேட்பவருக்கு இது இனிய நிறைவாகத் தோன்றலாம். கால் வைக்கும் நொடியைத் தேடுபவருக்கோ எந்தத் தட்டு புதிது என்ற குழப்பம். இதில் தாழ்ந்த சுருதி ஒலிகளே பெரும் தொல்லை. மனித உடலும் மெல்லிய திரையும் உயர்ந்த ஒலியை நன்றாக உறிஞ்சும். பெரிய முரசின் ‘தொம்’ ஓசையை மிகக் குறைவாகவே உறிஞ்சும்.

இனி பின்வரிசைச் சிறுமிகள். ஒலிபெருக்கிகள் எப்போதும் மேடையின் முன்புறத்தில், பார்வையாளரை நோக்கித்தானே இருக்கின்றன? ஆடுபவர் அவற்றின் முதுகுப்புறத்தில் நிற்கிறார். தாளத்தின் கூரிய ‘டிங்’ ஓசை முன்னோக்கிப் போய், 20 மீட்டருக்கு அப்பாலுள்ள பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்த பிறகே அவர் காதில் உரக்க விழுகிறது. போக 20, வர 20. மொத்தம் 40 மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்லும். கணக்கிட்டால் விநாடியில் ஒன்பதில் ஒரு பங்கு தாமதம். சிறிய அளவுதானே என்கிறீர்களா? மேலே சொன்ன வேகத்தில் ‘தகதிமி’ என்ற நான்கு எழுத்தும் அரை விநாடிக்குள் அடங்க வேண்டும். ஓர் எழுத்துக்கு எட்டில் ஒரு பங்கு விநாடி. அப்படியானால் திரும்பி வரும் ‘த’, வாசிக்கப்படும் ‘க’வின்மேல் வந்து விழுகிறது! வாத்தியக்காரருக்கு அருகில் நின்றவர்கள் நேராகக் கேட்டு ஆடினார்கள். தூரத்தில் நின்றவர்கள் சுவர் சொன்னதைக் கேட்டு ஆடினார்கள். அவர்கள் தாளம் தவறவில்லை; தங்களுக்கு வந்து சேர்ந்த தாளத்துக்குச் சரியாகவே ஆடினார்கள் என்பேன்.

பின்சுவரில் கனமான திரையோ ஜமக்காளமோ தொங்கவிட்டு, ஆடுபவரை நோக்கி ஒரு சிறிய ஒலிபெருக்கி வைத்திருந்தால் இது பெருமளவு தீர்ந்திருக்கும். சோதிப்பதும் எளிது. மேடையின் பின்வரிசை இடத்தில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டு தனியாகத் திரும்பி வருகிறதா? அல்லது நீண்ட ‘ஊ’வென்று இழுக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் நல்ல இடம். மண்டப நிர்வாகி நடுக்கூடத்தில் நின்று தட்டிக் காட்டுவார். நீங்கள் மேடையில் நின்று தட்டுங்கள்.

எடையும் அசைவும்

இதுவரை சொன்னவற்றில் தவறினால் கால் வலிக்கும், ஆட்டம் கெடும். இனிச் சொல்வதில் தவறினால் உயிர் போகும்.

1981-ஆம் ஆண்டு ஜூலை 17 மாலை. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி நகரில், ஓராண்டுக்கு முன்புதான் திறந்த ஹயாத் ரீஜென்சி ஓட்டலின் முன்கூடத்தில் இசைக்குழு வாசிக்க, நடனப் போட்டி நடந்துகொண்டிருந்தது. சுமார் 1,600 பேர் கூடியிருந்தனர். கூடத்துக்கு மேலே, கூரையிலிருந்து எஃகுத் தண்டுகளால் தொங்கவிடப்பட்ட நடைபாலங்கள் இருந்தன. நான்காம் மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாம் மாடிப் பாலம். அவற்றின்மீது நின்று பலர் நடனத்தை வேடிக்கை பார்த்தார்கள். திடீரென்று நான்காம் மாடிப் பாலம் இரண்டாம் மாடிப் பாலத்தின்மேல் விழ, இரண்டும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தவர்கள்மேல் விழுந்தன. 114 பேர் இறந்தனர். 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

காரணம் ஒரு சிறிய மாற்றம். கூரையிலிருந்து வரும் ஒரே நீண்ட தண்டு இரண்டு பாலங்களையும் தாங்குவதாக முதல் வரைபடத்தில் இருந்தது. கட்டும்போது வசதிக்காக அதை இரண்டு தண்டாக்கினார்கள். கூரையிலிருந்து நான்காம் மாடிப் பாலம்வரை ஒன்று; அந்தப் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு மற்றொன்று. கிணற்றுக் கயிற்றில் இருவர் தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இருவரும் கயிற்றையே பற்றினால் ஒவ்வொரு பிடியும் ஒருவர் எடையைத் தாங்கும். கீழே உள்ளவர் மேலே உள்ளவரின் காலைப் பற்றினால்? கயிற்றுக்கு வேறுபாடில்லை, மேலே உள்ளவரின் கைப்பிடிக்கு எடை இரட்டிப்பு. அந்த இணைப்புதான் பிய்ந்தது. முதல் வரைபடமே விதி கேட்ட வலிமையில் 60 விழுக்காடுதான் கொண்டிருந்தது. கட்டியதோ 31 விழுக்காடு என்று பின்னர் அமெரிக்க அரசின் ஆய்வு கண்டது. அன்று ஆடிய தரை உடையவில்லை. ஆட்டத்தைப் பார்க்க ஏறி நின்ற இடம் உடைந்தது. ஆகவே ஓர் இடத்தைப் பார்க்கப் போகும்போது தலைக்கு மேலேயும் பாருங்கள். பால்கனி இருந்தால், அதில் எத்தனை பேர் நிற்கலாம் என்று கேளுங்கள்.

அமர்ந்த கூட்டத்துக்கும் ஆடும் கூட்டத்துக்கும் எடை ஒன்றுதானே என்று தோன்றலாம். நம் நாட்டுத் தரவிதி அப்படிக் கருதவில்லை. வீட்டு அறையின் தரை சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ எடைக்கு வடிவமைக்கப்பட வேண்டும். நிலையான இருக்கைகள் கொண்ட கூட்ட அரங்குக்கு 4. இருக்கை பதிக்காத, கூட்டம் நெருங்கி நின்று அசையக்கூடிய கூடத்துக்கு 5. மக்கள் ஏறக்கூடிய மொட்டை மாடிக்கோ 1.5 மட்டுமே! இவற்றுக்கு மேல் பாதுகாப்புக்காக வலிமை கூட்டியிருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் வடகம் காயவைக்கவும் துணி உலர்த்தவும் கணக்கிட்ட தளம் அது. நண்பர் வீட்டு விசேஷத்தில் மொட்டை மாடியில் பாட்டுக் குழு வைத்து ஐம்பது பேர் ஒன்றாகக் குதிப்பது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

ஒன்றாக என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் சிறு குழந்தையும் பெரியவரை உயரத் தூக்கிவிடும் என்பதை அறிவீர்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் இயல் அதிர்வெண் உண்டு. பாட்டின் தாளம் விநாடிக்கு இரண்டு, இரண்டரை தட்டு. அதன் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும்கூடத் தரைக்குள் போகும். கூட்டம் ஒருசேரக் குதிப்பது விநாடிக்கு 2.8 முறைக்கு மேல் போகாது என்று கொண்டு, அதன் மூன்று மடங்கான 8.4-க்கு மேல் இயல் அதிர்வெண் கொண்ட தளமானால் இந்தக் கவலை வேண்டாம் என்று 1996-ல் வந்த பிரிட்டிஷ் தரவிதி கூறியது. இதன் விளைவைத் தென்கொரியாவின் சியோல் நகரில் 2011 ஜூலையில் கண்டார்கள். 39 மாடிக் கட்டடம் ஒன்று பத்து நிமிடம் குலுங்கியது. நிலநடுக்கம் என்று நூற்றுக்கணக்கானோர் வெளியே ஓடினர். பன்னிரண்டாம் மாடி உடற்பயிற்சிக் கூடத்தில் 17 பேர் பாட்டுக்கு ஏற்ப வேகமாகத் துள்ளியதே காரணம் என்று, மீண்டும் அப்படியே செய்து பார்த்து முடிவு செய்தார்கள். ஆபத்து ஏதும் நேரவில்லை. எண்ணிக்கை பதினேழுதான் என்பதைக் கவனியுங்கள்.

மாடியில் உள்ள கூடமானால் தரையில் ஓர் எவர்சில்வர் தம்ளரில் நீர் வைத்து, பத்தடி தள்ளி நண்பர் ஒருவரைத் தாளத்துக்குக் குதிக்கச் சொல்லுங்கள். நீர் நடுங்கி உடனே அடங்கினால் சரி. குதிக்கக் குதிக்க அலை பெருகினால், ஆட்டத்துக்கு அந்த இடம் வேண்டாம் என்று நான் சொல்வேன்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். சும்மா இருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பம் தரும். ஆடும் உடல் 400 வாட் வரை. 60 பேர் ஆடினால் 24 கிலோவாட்! இருபத்துநான்கு இஸ்திரிப் பெட்டிகளைக் கூடத்தில் சூடேற்றி வைத்ததற்குச் சமம். ஜன்னல்களை அலங்காரத் துணியால் அடைத்த மண்டபத்தில் வியர்வை ஆவியாகாது. உடலும் குளிராது, தரையும் வழுக்கும். ஒலியைப் பொறுத்தவரை 85 டெசிபல் எட்டு மணி நேரத்துக்கு எல்லை என்றால், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். கேட்பவர் எழுந்து பின்னால் போகலாம். ஆடுபவர் ஒலிபெருக்கியின் முன்னிருந்து நகர முடியாது. கையெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் ஒலி மிகுதி.

கதவுகளை மட்டும் விரைவாகக் கடக்க மனம் வரவில்லை. 1942 நவம்பர் 28 இரவு, பாஸ்டன் நகரின் கோக்கனட் குரோவ் என்ற இசை நடன விடுதியில் தீப்பிடித்தது. 460 பேருக்கான இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் பேர். முன்வாசலில் சுழல் கதவு. கூட்டம் இருபுறமும் நெருக்கியதில் அது சிக்கி நின்றது. வேறு கதவுகளில் சில பூட்டியிருந்தன. சில உட்புறமாகத் திறப்பவை. 492 பேர் மாண்டனர். நம் மண்டபங்களில் பக்கக் கதவை நாற்காலி அடுக்கி மறைத்திருப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! கதவு இருக்கிறதா என்று கேட்பது போதாது. போய்த் தள்ளித் திறந்து பாருங்கள்.

முதலில் சொன்ன பள்ளிக்கு இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி அனுப்பினேன். மறு ஆண்டு இடம் பார்க்கப் போன குழுவில் ஆடும் பெண்கள் இருவரைச் சேர்த்தார்கள். செங்கல், சுருள்வில் தராசு, தம்ளர் சகிதமாகப் போன அவர்களைக் கண்டு மண்டப நிர்வாகி, ‘என்னம்மா, கான்ட்ராக்ட் எடுக்க வந்திருக்கீங்களா?’ என்று சிரித்தாராம். மூன்று இடம் பார்த்துவிட்டு, வாடகை குறைந்த, பழைய மரப்பலகை மேடையுள்ள ஒரு சிறு அரங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்சுவருக்கு வீட்டிலிருந்து ஜமக்காளங்கள் கொண்டுவந்தார்கள். அந்த விழாவுக்கும் போயிருந்தேன். மேடை விளக்கு மங்கல், நாற்காலி போதவில்லை என்று தலைமையாசிரியர் கடைசிவரை குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். மூன்று வரிசைக் கால்களும் ஒரே ஓசையாக விழுந்தன.